பழைய பிரிட்டிஷ் காமெடி தொடர்கள்: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிவைப்பது

கேள்வி: பிரிட்டிஷ் காமெடி தொடர்கள்தான் உலகத்திலேயே சிறந்தவை என்கிறார்கள். இரண்டு மூன்று பார்த்துவிட்டேன், சிரிப்பே வரவில்லை. எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்:

உங்கள் ரசனையில் குறை எதுவும் இல்லை. ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து 'பிளாக்ஆடர்' முதல் சீசனின் முதல் எபிசோடைப் போட்டிருப்பீர்கள். போனில், சப்டைட்டில் இல்லாமல், படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர்கள். பத்து நிமிடத்தில் மூடியும் இருப்பீர்கள். அப்படிப் பார்த்தால் இந்தத் தொடர்கள் எவருக்கும் பிடிக்காது.

நம் படங்களில் காமெடி டிராக் தனியாக வரும், போகும். இவற்றில் அப்படி இல்லை. ஓர் ஆள் தான் இருக்கும் இடத்தைவிட ஒரு படி மேலே போகத் துடிப்பான். முடியாது. அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டான். சிரிப்பு முழுக்க அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. சாதாரண ஓட்டலை மேட்டுக்குடி ஓட்டலாகக் காட்டத் தவிப்பவன் 'ஃபால்ட்டி டவர்ஸ்' பேசில். பேங்க் மேனேஜராக இருந்துகொண்டு தளபதிபோல் நடப்பவர் 'டாட்ஸ் ஆர்மி' மெயின்வாரிங். அடுத்த வருஷம் கோடீஸ்வரன் ஆகிவிடுவோம் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருப்பவன் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' டெல். யாருக்கு யார் மேல், யார் கீழ் என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜோக்கை எதிர்பார்த்து உட்கார்ந்தால் முதல் பதினைந்து நிமிடம் வெறுமையாகத்தான் தெரியும், ஏனென்றால் அந்த நேரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு மிகச் சுத்தமான உதாரணம் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு எபிசோடுகள். பேசிலாக நடிக்கும் ஜான் கிளீஸும் கோனி பூத்தும் சேர்ந்து எழுதியது. 'கம்யூனிகேஷன் ப்ராப்ளம்ஸ்' என்ற எபிசோடில் தொடங்குங்கள். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டக்கூடாது என்று மனைவி சிபில் தடை போட்டிருக்கிறாள். பேசில் கட்டுகிறான், ஜெயித்தும் விடுகிறான். விஷயம் வெளியே போகாமலிருக்க, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஸ்பானிய வேலைக்காரன் மானுவலிடம், "உனக்கு ஒன்றும் தெரியாது, புரிந்ததா?" என்று சொல்லிச் சொல்லிப் பழக்குகிறான். அதே நேரம் திருமதி ரிச்சர்ட்ஸ் என்ற காது மந்தமான கிழவி தன் பணத்தைக் காணோம் என்கிறாள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று காது மெஷினை அணைத்து வைத்திருப்பவள் அவள். கடைசியில், 'இந்தப் பணம் என்னுடையது, பந்தயத்தில் ஜெயித்தது' என்பதற்குப் பேசிலுக்கு ஒரு சாட்சி வேண்டும். மானுவலைக் கூப்பிடுகிறான். மானுவல் நிமிர்ந்து நின்று, முதலாளி சொல்லிக் கொடுத்ததை மறக்கவில்லை என்ற பெருமையோடு, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறான். அந்த வரியில் தனியாக ஜோக் என்று எதுவுமே இல்லை. இருபது நிமிடம் கட்டியது அந்த ஒரு வரியில் இடிந்து விழுகிறது. நடுவில் போனை எடுத்துப் பார்த்தவருக்கு அது வெறும் வாக்கியம்.

பலரும் முதலில் பார்க்கச் சொல்வது 'தி ஜெர்மன்ஸ்' எபிசோடை. அதை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓட்டலிலேயே தங்கியிருக்கும் கிழட்டு மேஜர் பேசும் இனவெறி வார்த்தைகள் இருக்கின்றன. கேலி மேஜர் மீதுதான் என்பது அவரை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே விளங்கும். முதல் தடவை பார்ப்பவர் முகம் சுளிப்பது நியாயமே.

'பிளாக்ஆடர்' சீசனுக்கு ஒரு சரித்திரக் காலத்தில் நடக்கும் தொடர். அதன் விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன்: 1983இல் வந்த முதல் சீசனை விட்டுவிடுங்கள். அதில் நாயகன் எட்மண்ட் முட்டாள், வேலைக்காரன் பால்ட்ரிக்தான் விவரமானவன். கோட்டை, குதிரை என்று வெளிப்புறத்தில் செலவழித்து எடுத்தார்கள், வசனம் அதில் கரைந்துபோனது. 1986இல் வந்த இரண்டாவது சீசனில் எல்லாம் மாறியது. ரிச்சர்ட் கர்டிஸுடன் பென் எல்டன் எழுத வந்தார். பணம் குறைந்ததால் ஸ்டூடியோவுக்குள் இரண்டு மூன்று அறைகளில் கதையை அடைத்தார்கள். நாயகன் கூர்மையானவன், வேலைக்காரன் மந்தமானவன் என்று பாத்திரங்களையே திருப்பிப் போட்டார்கள். நாயகனாக நடிக்கும் ரோவன் அட்கின்சனின் நாக்கு எப்படி வெட்டும் என்று அதில்தான் தெரியும். 'மிஸ்டர் பீன்' மட்டும் பார்த்துவிட்டு 'அட்கின்சன் என்றால் முகசேஷ்டை' என்று நினைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது இந்தச் சீசன். முதல் சீசனுக்கும் அபிமானிகள் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தொடக்க வாசலாக அது உதவாது என்றுதான் சொல்கிறேன்.

'எஸ் மினிஸ்டர்' (1980 முதல் 1984 வரை), அதன் தொடர்ச்சியான 'எஸ் பிரைம் மினிஸ்டர்' (1986 முதல் 1988 வரை) இரண்டும் சேர்த்து 38 எபிசோடுகள். நமக்கு மிகச் சுலபமாகப் பிடிபடக்கூடியது இதுதான். அமைச்சர் ஹாக்கர், துறைச் செயலாளர் சர் ஹம்ப்ரி, இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தனிச் செயலாளர் பெர்னார்டு. நம் தலைமைச் செயலக முறையே அந்த ஊர் வார்ப்பில் வந்ததுதான். அதனால்தான் 2001இல் ஸ்டார் பிளஸில் ஃபாரூக் ஷேக் நடிக்க 'ஜி மந்த்ரிஜி' என்று இந்தியில் எடுத்தபோது அடிப்படை அமைப்பை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது.

இதில் 'தி கம்பாஷனேட் சொசைட்டி' (1981) எபிசோடைத் தேடுங்கள். ஓர் ஆஸ்பத்திரியில் 500 நிர்வாக, துணைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை. அமைச்சர் நேரில் போகிறார். பளபளவென்று வார்டுகள். பொறுப்பாளர் அம்மா அந்த ஆஸ்பத்திரி எவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்று பெருமையோடு சுற்றிக் காட்டுகிறாள். அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு உண்மையிலேயே பெருமை. அங்கேதான் சிரிப்பு.

இதற்கு ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். ஹம்ப்ரியின் நீண்ட வாக்கியங்கள் விஷயத்தை மறைப்பதற்காகவே கட்டப்பட்டவை, காதால் மட்டும் பிடிக்க முடியாது. முதல் தடவை வாக்கியத்தைப் படியுங்கள், பத்து வினாடி பின்னால் போய் இரண்டாம் தடவை ஹாக்கரின் முகத்தைப் பாருங்கள். 'துணிச்சலான முடிவு' என்று ஹம்ப்ரி சொன்னால் ஏன் அமைச்சர் வெலவெலத்துப் போகிறார் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அது பாராட்டு இல்லை, 'அடுத்த தேர்தலில் தோற்கப் போகிறீர்கள்' என்று அர்த்தம்.

'டாட்ஸ் ஆர்மி' 1968 முதல் 1977 வரை ஓடியது, 80 எபிசோடுகள். 1940இல் ஹிட்லர் படையெடுத்து வந்தால் தடுக்க, ராணுவத்துக்குப் போகாதவர்களைச் சேர்த்து அமைத்த ஊர்க்காவல் படைதான் கதைக்களம். அதை உருவாக்கிய ஜிம்மி பெர்ரி சிறு வயதில் அந்தப் படையில் இருந்தவர். வங்கியில் மெயின்வாரிங் மேனேஜர், வில்சன் அவருக்குக் கீழே. படையிலும் அப்படியே. ஆனால் பிறப்பாலும் படிப்பாலும் வில்சன் மேல்தட்டு. மெயின்வாரிங்குக்கு அது ஒவ்வொரு நிமிடமும் உறுத்துகிறது. வில்சன் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்த மாட்டார், "இது அவ்வளவு புத்திசாலித்தனமாகுமா சார்?" என்று மெதுவாகக் கேட்பார். இந்த உறவைப் புரிந்துகொண்டால் எண்பதும் திறந்துகொள்ளும்.

முதல் இரண்டு சீசன்கள் கறுப்பு வெள்ளை. 1969இல் தொடங்கும் மூன்றாவதிலிருந்து பாருங்கள். உங்கள் பிரதியில் இரண்டாவது சீசனில் மூன்று எபிசோடுகள் இல்லையென்றால் பிரதியில் குறை இல்லை. அந்தக் காலத்தில் பிபிசி பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது, அந்த மூன்றும் அப்படிப் போனவை. 1973இல் வந்த 'தி டெட்லி அட்டாச்மென்ட்' அவசியம் பாருங்கள். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தலைவன், போர் முடிந்ததும் கணக்குத் தீர்க்க வேண்டியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்கிறான். படையின் பொடியன் பைக் ஹிட்லரைக் கிண்டல் செய்து பாட, "உன் பெயரும் பட்டியலில் சேரும். பெயர் என்ன?" என்கிறான். பையனைக் காப்பாற்றப் பாய்ந்து வந்து மெயின்வாரிங் அதட்டுகிறார்: "சொல்லாதே, பைக்!"

'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' லண்டன் பெக்காம் பகுதியில் பெட்டியில் சரக்கு வைத்து விற்கும் அண்ணன் தம்பி கதை. 1996 டிசம்பர் 29 அன்று வந்த எபிசோடை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். 1982இன் 'ஏ டச் ஆஃப் கிளாஸ்' எபிசோடில் தொடங்கலாம், அதில் வரும் சரவிளக்குக் காட்சியை முன்கூட்டித் தனித் துண்டாகப் பார்த்துவிடாதீர்கள். பேச்சில் தெருக் கொச்சை அதிகம், இதற்கும் சப்டைட்டில் வேண்டும். சில டிவிடிகளில் உரிமைச் சிக்கலால் பின்னணிப் பாட்டுகளை மாற்றியோ காட்சியை வெட்டியோ விட்டிருக்கிறார்கள். ஒரு காட்சி திடீரென்று குதித்தால் காரணம் அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் தாய் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' (1962 முதல் 1974 வரை, நடுவில் சில ஆண்டு இடைவெளி). குதிரை வண்டியில் பழைய சாமான் வாங்கி விற்கும் அப்பாவும் மகனும். 1972இன் 'டிவைடட் வி ஸ்டாண்ட்' எபிசோடில் மகன் வீட்டுக்கு நடுவே தடுப்பு அடித்துப் பாகம் பிரித்துவிடுகிறான். டிவியும் அந்தத் தடுப்புக்கு நடுவில்தான். பாகப்பிரிவினை பார்த்த நமக்கு விளக்கமே தேவையில்லை.

பல நாட்டவர் ஆங்கிலம் கற்க வரும் வகுப்பைக் காட்டிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' எங்கே என்று கேட்பீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் பலருக்கு அதுதான் முதல் அறிமுகம். ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். 1993இல் 'ஜபான் சம்பால்கே' என்று இந்தியிலும் வந்தது. நினைவுகளுக்காகப் பாருங்கள், தவறில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு நாட்டவருக்கும் ஒரே ஒரு குணம், அதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மூன்று எபிசோடில் எல்லாம் தெரிந்துவிடும். இதைச் சொன்னதற்குக் கோபப்படுபவர்கள், அதே காலத்தில் வந்த 'ஃபால்ட்டி டவர்ஸ்' மானுவலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அவனும் வெளிநாட்டான்தான், மொழி தெரியாதவன்தான். ஆனால் அவனுக்கு விசுவாசம் இருக்கிறது, கர்வம் இருக்கிறது, காயம் இருக்கிறது.

கேட்ட கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். 'ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்க இவற்றைப் பாருங்கள்' என்று அறிவுரை சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஹம்ப்ரியின் ஆங்கிலம் எதையும் சொல்லாமலிருக்கச் செய்த ஆங்கிலம். டெல் பிரெஞ்சு வார்த்தைகளைத் தப்பும் தவறுமாகப் போடுவான், அதுதான் அங்கே நகைச்சுவை. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தவருக்கு மொழியும் வராது, சிரிப்பும் வராது. நல்ல தொடர்களைப் பாடப்புத்தகமாக்கிப் பாதிப் பேரை விரட்டிவிட்டார்கள்.

இனி படம், ஒலி. இந்தத் தொடர்கள் 4:3 அளவில் (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) எடுக்கப்பட்டவை. அகலத் திரையை நிரப்பப் பெரிதாக்கினால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். கிளீஸ் நெடுநெடுவென்ற ஆள், அவர் நகைச்சுவையில் பாதி கால்களில் இருக்கிறது. கால் தெரியாவிட்டால் அவர் ஏன் துள்ளுகிறார் என்றே புரியாது. இழுத்து நிரப்பினால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். டிவியில் பிக்சர் சைஸை 4:3 அல்லது ஒரிஜினல் என்று வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும். சரவுண்ட் சவுண்டை அணைத்துவிடுங்கள், பழைய மோனோ ஒலியில் அது வசனத்தைச் சிரிப்புச் சத்தத்துக்குள் அமுக்கிவிடும். டிவிடி எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதற்கு மண்டல (ரீஜன்) எண் உண்டு: பிரிட்டனிலிருந்து வாங்கினால் அது மண்டலம் 2, நம் பிளேயர்கள் மண்டலம் 5. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அறைக்குள் படம் வழவழப்பாகவும் தெருவில் மங்கலாகவும் தெரிந்தால் பிரதியைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே வீடியோ கேமரா, வெளியே 16 எம்எம் ஃபிலிம், அன்றைய வழக்கம் அது. 'சிரிப்புச் சத்தத்தை ஒட்டியிருக்கிறார்கள்' என்பதும் இவற்றுக்குப் பொருந்தாது. ஸ்டூடியோவில் ஆட்களை உட்காரவைத்து, நாடகம்போல் அவர்கள் முன்னால் நடித்தார்கள். வெளிப்புறக் காட்சிகளை முன்பே எடுத்து, அன்று மாலை அவர்களுக்குத் திரையில் காட்டிச் சிரிப்பைப் பதிவு செய்தார்கள். நடிகர் ஒரு வினாடி காத்திருந்து அடுத்த வரியைச் சொல்வது அந்தச் சிரிப்பு அடங்குவதற்காக. அதனால்தான் 1.25 வேகத்தில் ஓட்டக்கூடாது என்கிறேன், அந்தக் காத்திருப்புதான் நடிப்பு.

'பிளாக்ஆடர்' நான்காவது சீசனைக் (1989) கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர் பதுங்குகுழி, ஆறு எபிசோடுகள், வரிசை மாறாமல் பார்க்க வேண்டும். ஆறாவதன் கடைசி நிமிடங்களில் அரங்கத்தின் சிரிப்பு அடங்கிவிடும். நீங்கள் பார்க்கும் தளம் ஐந்து வினாடியில் அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவிவிடும் என்றால், அந்த எபிசோடைப் போடும் முன்பே செட்டிங்ஸில் போய் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள்.