லைஃப் கோச்சுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு ஐ.டி. வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு லைஃப் கோச், மூன்றே மாதத்தில் நல்ல வேலைக்கு கியாரண்டி என்கிறார். 45,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? இவர்களுடைய வேலைதான் என்ன?
– பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: கட்டாதீர்கள். அடுத்த மாதம் எத்தனை பேரை எடுப்போம் என்று கம்பெனி எச்.ஆருக்கே தெரியாத நேரத்தில் இவர் எப்படி கியாரண்டி தருவார்? ஜோசியர்கூட பரிகாரம் என்று ஒன்றைச் சொல்லித் தப்பிக்க வழி வைத்துக்கொள்வார்.

நல்ல கோச் பெரும்பாலும் கேள்விதான் கேட்பார். கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும், சம்பளம் குறைந்தாலும் போவாரா, கோவைக்கோ பெங்களூருக்கோ மாறத் தயாரா, இந்த வாரம் யாரைப் பார்க்கப் போகிறார் என்று கேட்டு, அடுத்த முறை "போனீர்களா?" என்று விடாமல் பிடிப்பார். முடிவு உங்கள் கணவருடையது. கட்டணம், எத்தனை சந்திப்பு, பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா என்பதையெல்லாம் முதலிலேயே எழுத்தில் தர வேண்டும். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது, பணம் கட்டுவது நீங்களே என்றாலும் உங்களிடம்கூட (இது கொஞ்சம் கஷ்டம்தான்).

நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். லைஃப் கோச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது, யாரும் போர்டு மாட்டலாம். 1995-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்ற சர்வதேச அமைப்பு கோச்சுகளுக்குச் சான்றிதழ் தருகிறது. அதன் முதல் படிக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அது இருக்கிறதா என்று கேளுங்கள். செட்டில்மென்ட் பணத்தை இந்த ஷேரில் போடு, அந்தக் காயினில் போடு என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறார் என்றால், அது தன் வேலை இல்லை என்று உணர்ந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவதுதான் கோச்சின் முதல் பொறுப்பு. அப்படி ஏதாவது இருந்தால் கோச்சைத் தேடிக்கொண்டிருக்காமல் இன்றே 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

அப்புறம், இதில் உங்கள் கணவருக்கு விருப்பமா என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே? முதலில் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அந்தப் பணம் வீட்டு வாடகைக்காவது ஆகும்.