வக்கீலிடம் கேளுங்கள்: கவுண்டரில் நிறுத்தினால் என்ன செய்ய?

இந்த முறை விமான நிலையக் கேள்விகளாகவே குவிந்திருக்கின்றன. வெளிநாட்டில் ஒரு ஆளாவது இல்லாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு, அதனால் ஆச்சரியமில்லை. நாலு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். சொத்துத் தகராறு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பார்க்க அமெரிக்கா போகும்போதெல்லாம் என் போர்டிங் பாஸில் ‘எஸ்.எஸ்.எஸ்.எஸ்.’ என்று அச்சாகி வருகிறது. தனியாகக் கூட்டிப்போய்ப் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். என் பெயர் தீவிரவாதிகள் பட்டியலில் இருக்குமோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவிதாங்கோடு

பயப்படாதீங்க சார். கூடுதல் சோதனைக்கு உங்களை எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். குலுக்கலில் விழுந்தாலும் வரும். தடைப் பட்டியலில் பெயர் இருந்தால் போர்டிங் பாஸ் கைக்கே வராது.

ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தால் பெயர்க் குழப்பம் இருக்கலாம். 2004-ல் செனட்டர் எட்வர்ட் கென்னடியையே இப்படிக் கவுண்டர் கவுண்டராக நிறுத்தினார்கள். சந்தேக நபர் ஒருவரின் புனைபெயர் அவர் பெயரோடு ஒத்துப்போனதுதான் காரணம். கென்னடிக்குப் போன் செய்ய மந்திரிகள் இருந்தார்கள். ரஹினா இப்ராகிம் என்ற மலேசியப் பெண்ணுக்கு யாரும் இல்லை. ஸ்டான்போர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவரை 2005 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் விலங்கு மாட்டினார்கள். அப்புறம் விசாவும் போனது. ஒன்பது வருடம் வழக்காடிய பிறகு, 2014-ல் தீர்ப்பில்தான் காரணம் வெளியே வந்தது: எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஒருவர் படிவத்தில் தப்பான கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். இந்த ஒரு டிக்கை ஒப்புக்கொள்ளாமல் இருக்க, ‘அரசு ரகசியம்’ என்று அந்த அரசு கடைசி வரை வாதாடியது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘டிரிப்’ என்ற குறைதீர்ப்புப் பகுதியில் ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். ஒரு எண் தருவார்கள். டிக்கெட் போடும்போதெல்லாம் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் இருந்தீர்களா, இல்லையா என்று மட்டும் பதிலில் எதிர்பார்க்காதீர்கள்.

என் மகன் பஹ்ரைனுக்கு மீன்பிடி போட்டில் வேலைக்குக் கிளம்பினான். எமிக்ரேஷன் கவுண்டரில் ‘உன் மேல லுக் அவுட் இருக்கு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கேஸ் என்று கேட்டதற்கு ‘உங்க ஊர் போலீஸைக் கேளு’ என்றார்களாம். ஒக்கி புயலுக்கு அப்புறம் நடந்த மறியலில் அவனும் நின்றான். வேறு ஒரு தப்பும் செய்யவில்லை. டிக்கெட் பணம் போச்சு, விசாவும் முடியப் போகிறது.
– ஒரு தாய், குளச்சல் பக்கம்

அம்மா, லுக் அவுட் என்பது ‘இந்த ஆளை நாட்டை விட்டுப் போக விடாதே’ என்று போலீஸ் எமிக்ரேஷனுக்கு அனுப்பும் அறிவிப்பு. முதலில் கேஸ் எது என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2016 செப்டம்பரில். உங்கள் மகனின் மறியல் அதற்குப் பிந்தியது. இ-கோர்ட் தளத்தில் அவன் பெயரைப் போட்டும் தேடலாம். இன்டர்நெட் கடைப் பையனே எடுத்துத் தருவான். ஒன்று கவனியுங்கள். மறியல் வழக்கு எஃப்.ஐ.ஆரில் பத்துப் பேர் பெயர் இருக்கும், அதற்குக் கீழே ‘மற்றும் பலர்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ‘பலர்’ யார் யார் என்று பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார்கள். உங்கள் பிள்ளையின் பெயர் சார்ஜ் ஷீட்டில்தான் முதன்முதலாக வந்திருக்கக்கூடும்.

அடுத்து, சம்மன் எப்போது வந்தது என்று பாருங்கள். நம் கடலோர வழக்குகளில் முடிச்சு பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது. ஆழ்கடலுக்குப் போனவன் வாரக்கணக்கில் கரை திரும்ப மாட்டான். சம்மன் வரும்போது ஆள் வீட்டில் இல்லை. வாய்தாவுக்கு வரவில்லை என்று பிடிவாரண்ட் பிறக்கும். அப்புறம் காகிதத்தில் அவன் ‘தலைமறைவு’. லுக் அவுட் போட அந்த ஒரு சொல் போதும். அவன் அப்போது தங்கலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருந்தான் என்பதற்குப் படகு உரிமையாளரின் கடிதம், துறைமுகப் பதிவு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அதை வைத்து அதே கோர்ட்டில் வாரண்ட் ரீகால் மனு போட வேண்டும்.

வாரண்ட் ரத்தானதும், லுக் அவுட்டை நீக்கவும் வெளிநாடு போக அனுமதிக்கவும் கேட்டு அங்கேயே மனு. வேலை ஒப்பந்தம், விசா நகல், இரண்டு ஜாமீன்தாரர், வழக்குக்குத் தேவைப்படும்போது வருவேன் என்று உறுதிமொழி. இவ்வளவும் இருந்தால் மாஜிஸ்திரேட்டுகள் பொதுவாக இறங்கி வருவார்கள். வழக்கு நடக்கும் கோர்ட்டே லுக் அவுட்டை ரத்து செய்யலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010-ல், சுமேர் சிங் சல்கான் வழக்கில் சொல்லியிருக்கிறது. கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, ஆளும் வேண்டுமென்றே டிமிக்கி கொடுத்தால்தான் லுக் அவுட் கேட்கலாம் என்பதும் அதே தீர்ப்பு. உங்கள் வக்கீல் இதை அறிந்திருப்பார், இருந்தாலும் ஞாபகப்படுத்துங்கள். மாவட்ட எஸ்.பி.க்கு ஒரு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் நகரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு.

வழி சொல்லியாயிற்று. கோபத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போவது ஒருவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சொன்னது. 1978-ல் மேனகா காந்தி வழக்கில் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. பாஸ்போர்ட்டை முடக்கினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும், அப்பீலும் உண்டு. எல்லாம் பாஸ்போர்ட் சட்டத்தில் இருக்கிறது. லுக் அவுட்டுக்கு மட்டும் இப்படி ஒரு முறை கிடையாது. உள்துறை அமைச்சகத்தின் சுற்றறிக்கையில்தான் அது ஓடுகிறது. பாஸ்போர்ட் உங்கள் பையிலேயே இருக்கும், ஆனால் நீங்கள் கவுண்டரைத் தாண்ட முடியாது. வாசல் கதவைச் சட்டப்படி பூட்டக் கஷ்டம் என்று படியைப் பெயர்த்துப்போட்ட மாதிரி.

2010 சுற்றறிக்கையில் ஒரு வருடம் முடிந்தால் லுக் அவுட் தானாகக் காலாவதியாகும் என்றாவது இருந்தது. 2021-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். போட்டவரே நீக்கச் சொல்லும் வரை அது நிற்கும். மறியலை மறந்து இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விடுவார், கம்ப்யூட்டர் மறக்காது.

கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டத்தை நடத்திய நம் ஊர்க்காரர் சுப. உதயகுமாரனை 2014-ல் நேபாளம் போகும் வழியில் டெல்லி விமான நிலையத்தில் தடுத்தார்கள். கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளை வாபஸ் பெற முயல வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2015 ஜனவரியில் பிரியா பிள்ளை என்ற சூழலியல் செயற்பாட்டாளரை லண்டன் விமானம் ஏற விடவில்லை. மத்தியப் பிரதேச நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி பிரிட்டிஷ் எம்.பி.க்களிடம் பேசப் போனார் என்பதுதான் விஷயம். இரண்டே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த லுக் அவுட்டை ரத்து செய்தது. பாஸ்போர்ட்டில் குத்திய ‘ஆஃப்லோட்’ (விமானம் ஏற விடவில்லை) முத்திரையையும் நீக்கச் சொன்னது. உங்கள் பிள்ளையின் பாஸ்போர்ட்டிலும் அப்படி ஏதாவது குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மனுவில் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மறந்தால் அடுத்த ஏஜென்ட் அதைப் பார்த்தே ஒதுக்கிவிடுவான்.

தம்பியின் பாஸ்போர்ட் விண்ணப்பம், எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்று நிற்கிறது. இனி கிடைக்கவே கிடைக்காதா? அத்தான் மகனின் கடனுக்கு நான் ஜாமீன் போட்டிருக்கிறேன். ‘லுக் அவுட் போட்டுவிடுவோம்’ என்று வங்கியில் மிரட்டுகிறார்கள். முடியுமா?
– ரப்பர் வியாபாரி, மார்த்தாண்டம்

ஒரே கடிதத்தில் இரண்டு கேஸ், சரி. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது ‘கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கு’ ஆகாது. சார்ஜ் ஷீட்டைக் கோர்ட் கோப்புக்கு எடுத்திருக்க வேண்டும். அப்படியே எடுத்திருந்தாலும், 1993-ல் வந்த அறிவிக்கைப்படி அந்தக் கோர்ட்டின் அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் கிடைக்கும். காலம் குறிக்காமல் உத்தரவு வாங்கினால் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். எத்தனை வருடம் என்று உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள்.

வங்கி விஷயம்: பொதுத்துறை வங்கித் தலைவர்களும் லுக் அவுட் கேட்கலாம் என்று 2018-ல் சேர்த்தார்கள். அது செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. உங்களிடம் மிரட்டிய கிளை மேனேஜருக்கு அந்த அதிகாரம் எப்போதுமே இருந்ததில்லை. ஆனால் ஜாமீன் கையெழுத்து கையெழுத்துதான். கடனைப் பற்றி அத்தான் மகனிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

சென்னை விமானத்தில் மைத்துனர் பணிப்பெண்ணிடம் வாய்த்தகராறு செய்துவிட்டார். ‘நோ ஃபிளை லிஸ்ட்டில் சேர்ப்போம்’ என்கிறார்கள். வாழ்நாள் தடையா?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

வாய்த்தகராறுக்கு 2017 விதிப்படி அதிகபட்சம் மூன்று மாதம். கை வைத்தால் ஆறு மாதம். உயிருக்கு ஆபத்து வரும்படி நடந்தால்தான் இரண்டு வருடமும் அதற்கு மேலும். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் மைத்துனர் தாராளமாகப் பறக்கலாம். தடை போட்டாலும் 60 நாளுக்குள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுவிடம் அப்பீல் உண்டு. குளச்சல் தாய் இதைப் படித்தால், விமானத்தில் ஏறிச் சண்டை போட்டவருக்கு இரண்டு நீதிபதிகள், தன் பிள்ளைக்கு ஒரு நோட்டீஸ்கூட இல்லையா என்று கேட்பார். என்னிடம் பதில் கிடையாது. மைத்துனரை முதலில் அந்தப் பெண்ணிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், குழுவிடம் அப்புறம் போகலாம்.