இரண்டாவது ‘விச்’

வணக்கம் ஐயா. கல்முனையில் உயர்தரம் படிக்கிறேன். ‘த புக் தட் ஐ போட் அன்ட் தட் மை பிரதர் லொஸ்ட்’ (நான் வாங்கிய, என் சகோதரன் தொலைத்த புத்தகம்) என்ற ஆங்கிலத் தொடரில் இரண்டாவது ‘தட்’டை விடலாமா? பாடமாக்க ஒரு சுருக்கமான விதி தருவீர்களா? ‘ஹூ’, ‘ஹூம்’ வேறுபாட்டையும் சொல்லுங்கள்.

– ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

விடலாம். வாங்கியதற்கும் தொலைத்ததற்கும் புத்தகம் செயப்படுபொருளாகவே இருப்பதால், இரண்டு ‘தட்’டையும்கூட விடலாம், முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் வைத்தால்தான் தொடர் நொண்டும். ‘ஹூம்’முக்காக இப்போது நித்திரையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் பாடமாக்க விதி கேட்டீரே, அதற்காக உமது காதைத் திருகலாம் போலிருக்கிறது.

உமது வயதில் நானும் விதியைப் பாடமாக்கியவன்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அப்பா குத்தகைக்குச் செய்த வயல் மாரி வெள்ளத்தில் மூழ்கியபோது, நட்டஈடு கேட்கும் மனுவை ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘த பீல்ட் விச் மை பாதர் ரென்ட்டட் அன்ட் வோஸ் பிளடட்’ என்று எழுதி, பெருமையோடு ஆங்கில ஆசிரியரிடம் நீட்டினேன். “வெள்ளத்தில் மூழ்கியது வயலா, உன் தகப்பனா?” என்று அவர் கேட்டார்.

குத்தகைக்கு எடுத்ததில் வயல் செயப்படுபொருள். மூழ்கியதில் அதுவே எழுவாய். முதல் வேலைக்கு வந்த ‘விச்’ இரண்டாவது வேலையைச் சேர்த்துச் செய்யாது. ‘வோஸ்’ஸுக்கு முன்னே இன்னொரு ‘விச்’ வேண்டும். இல்லாவிட்டால் அந்த வினை, பக்கத்தில் நிற்கும் தகப்பனைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். உமது தொடர் போலன்றி, இங்கே முதல் ‘விச்’சை விட்டாலும் குற்றமில்லை, இரண்டாவதை விடவே முடியாது.

நான் இதில் வழுக்கியதற்குக் காரணம் சோம்பல் அல்ல, தமிழ். உழுத உழவன், உழுத வயல், உழுத கலப்பை, உழுத நாள் என்று நம்முடைய பெயரெச்சம் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் உருமாறாமல் நிற்கிறது. நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறுக்கும் அது ‘ஓரன்ன உரிமைய’ என்று தொல்காப்பியம் அன்றே சொல்லிவிட்டது. ‘அப்பா குத்தகைக்கு எடுத்து, வெள்ளத்தில் மூழ்கிய வயல்’ என்னும்போது முன்வினை எச்சமாக ஒதுங்க, கடைசி வினை ஒன்றே பெயரைத் தாங்குகிறது, ஒருவரும் தடுமாறுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் போகிறவர், தன் தமிழ் எப்படி இயங்குகிறதென்று தெரியாமல் எந்த விதியைப் பாடமாக்கி என்ன பயன்? உமது பள்ளியில் பெயரெச்சத்தை ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கடந்திருப்பார்கள். திரும்பப் போய்ப் படியும்.

ஆசிரியர் கேட்டதை அன்றிரவு சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ரெண்டுந்தான் மகன்” என்றார். நான் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டாவது ‘விச்’சோடு மனுவை மறுபடி எழுதினேன்.