அவரே செதுக்கினாரா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

போன மாசம் ஜப்பான் மர அச்சுப் படங்கள் பத்தி எழுதினீங்கல்ல, அதுல யோஷிதா ஹிரோஷின்னு ஒரு பேரு வந்துச்சு, சும்மா நெட்ல தேடினேன், பாத்தா மனுசன் 1931லயே நம்ம மதுரைக் கோயிலைப் படமா போட்டிருக்கார்! கீழே இங்கிலீஷ்ல 'மதுரா'ன்னு எழுதியே இருக்கு. எங்க வீட்ல இருந்து கோயில் நடந்து போற தூரம், அதனால எனக்கு ஒரே குஷி, வாட்ஸப்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். எங்க அண்ணன் ஃபைன் ஆர்ட்ஸ் படிச்சவன். அவன் பாத்துட்டு "இதை அவர் எங்க செதுக்கினார், ஆள் வச்சு செதுக்கி ஆள் வச்சு அச்சடிச்சது, அந்தக் காலத்துப் பெரிய ஓவியர் ஹொக்குசாயும் அப்படித்தான், வரைஞ்சு குடுத்ததோட சரி, இதைப் போயி அவரோட ஒரிஜினல்னு சொல்லிட்டுத் திரியிற"ன்னுட்டான். ஆனா படத்தோட ஓரத்துல ஒரு முத்திரை இருக்கு, அதுக்கு 'தானே அச்சடிச்சது'ன்னு அர்த்தம்னு ஒரு இடத்துல போட்டிருந்தாங்க. அப்ப யாரு சொல்றது சரி?

இன்னொண்ணு, எனக்கே ஒரு பலகைல செதுக்கிப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

உங்க அண்ணன் சொன்ன தகவல்ல தப்பு இல்லை. அந்தத் தகவலை வச்சுக்கிட்டு அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் எனக்கு ஒத்துவரல.

எடோ காலத்துல (டோக்கியோவுக்கு அப்ப எடோன்னு பேரு) யாரோ சிலர் ஆள் வச்சு செஞ்சாங்கன்னு இல்ல, எடோ பட்டறைல முறையே அதுதான். பதிப்பாளர்னு ஒருத்தர் காசு போடுவார், எந்தப் படம் விக்கும்னு முடிவு பண்றது அவர். ஓவியர் மெல்லிசான தாள்ல கோடு மட்டும் வரைஞ்சு குடுப்பார். செதுக்குறவர் அந்தத் தாளை அப்படியே குப்புற செர்ரிமரப் பலகைல ஒட்டி, பின்பக்கத்தைத் தேய்ச்சு மெலிசாக்கி, கோடு தெரிய ஆரம்பிச்சதும் தாளோட சேத்து வெட்டுவார், அதாவது ஓவியர் கையால வரைஞ்ச மூலப்படம் அந்த வேலைலயே காணாமப் போயிடும். ஹொக்குசாயோட பெரிய அலை இன்னைக்கு லண்டன்லயும் இருக்கு நியூயார்க்லயும் இருக்கு, ஆனா அந்த அச்சுக்கு அவர் வரைஞ்சு குடுத்த தாள் எங்கயும் கிடையாது. கோட்டுப் பலகை முடிஞ்சதும் அதுல இருந்து சில பிரதி எடுத்து ஓவியர்கிட்ட அனுப்புவாங்க, இந்த இடம் இந்தக் கலர்னு அவர் குறிச்சு அனுப்புவார், கலருக்கு ஒரு பலகைன்னு தனித்தனியா செதுக்கணும். அப்புறம் அச்சடிக்கிறவர்.

செதுக்குறவங்களை வெறும் கூலியாள்னு நெனச்சுடாதீங்க. அந்தக் காலத்து அழகிப் படங்கள்ல நெத்தி ஓரத்துல முடி ஆரம்பிக்கிற இடம் இருக்கு பாருங்க, ஒவ்வொரு இழையும் தனியா நிக்கும், அதை ஓவியர் வரையவே மாட்டார், சும்மா ஒரு எல்லை மட்டும் காட்டிட்டு விட்டுடுவார், மீதி மூத்த செதுக்குறவரோட கை. புதுசா சேந்த பையனுங்க பெரிய வெத்து இடத்தைத் தோண்டி எடுக்கிறதோட சரி, முகத்துக்கும் முடிக்கும் வர்றதுக்குள்ள பல வருஷம் ஆயிடும். ஹொக்குசாய்க்கு இது நல்லாவே தெரியும், ஏன்னா அவரே 14, 15 வயசுல மரம் செதுக்குற வேலைக்குப் போனவர், 18 வயசுக்கு மேலதான் ஓவியப் பட்டறைக்கே வந்தார். அதனால பின்னாடி பதிப்பாளருக்குக் கடுதாசி போட்டு சண்டை பிடிக்கிறார், எகாவா தோமேகிச்சின்னு ஒரு செதுக்குறவர், அவர்கிட்டயே குடுங்க, மத்தவங்க என் படத்துல மூக்கை உத்தாகவாங்கிற இன்னொரு ஓவியப் பரம்பரை ஆளுங்க போடுற மாதிரி மாத்திடுறாங்கன்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. ஃபூஜி மலைல நூறு காட்சின்னு அவர் பண்ணின புத்தகத்துல அந்த எகாவா பேரு அச்சாகியே இருக்கு.

உங்க அண்ணன் கேக்குற கேள்வியும் புதுசில்ல, ஜப்பான்லயே 1900களோட ஆரம்பத்துல கேட்டாச்சு. யமமோத்தோ கனாயேன்னு ஒருத்தர் 1904ல மீனவன்னு ஒரு சின்ன படம், தானே வரைஞ்சு தானே செதுக்கிப் போட்டார், அதுல இருந்து ஒரு இயக்கமே கிளம்பிச்சு, தானே வரை தானே செதுக்கு தானே அச்சடி, மத்தவன் கை பட்டா அது கலை இல்லைன்னு. அந்தப் பக்கத்துல எனக்குப் பெரிய ஆள்னா முனகாத்தா ஷிக்கோதான். அஓமோரி ஊர்ல கொல்லர் வீட்டுப் பையன், 1903ல பொறந்தவர், வான்கோ மாதிரி ஆகணும்னு டோக்கியோவுக்கு ஓடிவந்தவர். கண்ணு சுத்தமா மட்டம், மூக்கு பலகைல உரசுற அளவுக்குக் குனிஞ்சுக்கிட்டு வெறி பிடிச்சாப்ல செதுக்குவார். 1939ல புத்தரோட பத்து சீடர்களை ஆளுக்கொரு படம்னு செதுக்கினார், சாரிபுத்தர், ஆனந்தர் எல்லாம் பலகையோட நாலு ஓரமும் முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருப்பாங்க, கூடவே ரெண்டு போதிசத்துவர், அந்த ரெண்டு பேரோட பலகை போர்ல போயிடுச்சு, 1948ல திரும்ப செதுக்கினார். 1956 வெனிஸ் பியனாலேங்கிற சர்வதேசக் கலைக் கண்காட்சில அச்சுக் கலைக்கான பெரிய பரிசு அவருக்குத்தான். அவர் படத்தைப் பாத்தாலே தெரியும், இதை இன்னொருத்தர் செதுக்கவே முடியாது, உளி போன வேகம்தான் படமே.

யோஷிதா, ஹொக்குசாய்க்கும் முனகாத்தாவுக்கும் நடுவுல நிக்கிற ஆள். அதான் குழப்பம்.

1876ல குருமேங்கிற ஊர்ல பொறந்தவர். ஆயில், வாட்டர்கலர் ரெண்டுலயும் பேர் வாங்கினவர், 1899லயே அமெரிக்கா போய் படம் வித்துட்டு வந்தவர், மலையேறுறதுல பைத்தியம், ரெண்டாவது பையனுக்கு ஹோதகான்னு மலைப் பேரையே வச்சார்னா பாத்துக்குங்க. 1920ல வாத்தனாபேங்கிற பதிப்பாளருக்காகத்தான் மர அச்சுப் பக்கமே வர்றார், பழைய முறைதான், இவர் வரைவார் அவங்க ஆள் செதுக்குவாங்க. 1923 செப்டம்பர் 1 டோக்கியோ நிலநடுக்கம், பின்னாலேயே தீ, வாத்தனாபே கடையும் இவரோட பலகைகளும் சாம்பல். மிஞ்சின படங்களை எடுத்துக்கிட்டு மனைவி ஃபூஜியோவோட (அவங்களும் ஓவியர்தான், அவங்களைப் பத்தி தனியா எழுதணும்) அமெரிக்கா போறார் விக்கிறதுக்கு. போன இடத்துல பாத்தா அங்க ஜனங்க பெயிண்டிங்கை விட மர அச்சைத்தான் ஆசையா கேக்குறாங்க, அதுலயும் சுமாரான சரக்கையெல்லாம் வாங்குறாங்க. இதைவிட நல்லா நான் பண்ணுவேனேன்னு ஊர் திரும்பி 1925ல சொந்தப் பட்டறை போட்டார், அப்ப அவருக்குக் கிட்டத்தட்ட 50 வயசு. செதுக்குறவங்களும் அச்சடிக்கிறவங்களும் இப்ப அவர்கிட்ட சம்பளத்துக்கு, பதிப்பாளர்ங்கிற ஆளே நடுவுல இல்லை. வியாபாரமா பாத்தாலும் கெட்டிக்கார வேலை.

ஆனா அவரோட பிடிவாதம் என்னன்னா, வேலைக்காரனுக்குத் தெரிஞ்சதை விட ஓவியனுக்கு ஜாஸ்தி தெரிஞ்சிருக்கணும். அதனால உளி பிடிக்கக் கத்துக்கிட்டார், சில பலகை அவரே செதுக்கினார், அச்சடிக்கும்போது பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு இன்னும் கொஞ்சம் நீலம், இங்க அழுத்தாதேன்னு சொல்லிட்டே இருப்பார். பழைய எடோ படங்களுக்கெல்லாம் பத்து, இருபது தடவை தாளைப் பலகைல வச்சு எடுத்தா முடிஞ்சுது. இவருக்கு சர்வசாதாரணமா முப்பது தாண்டும், 1937ல நிக்கோ கோயிலோட யோமெய் வாசலைப் போட்டாரே அதுக்கு 96 தடவை. ஒரு தாளை 96 தடவை ஈரத்தோட வச்சு எடுக்கணும், தாள் ஈரத்துல விரியும் காய்ஞ்சா சுருங்கும், ஒரு மயிரிழை விலகினாலும் சிவகாசில சொல்ற மாதிரி ரெஜிஸ்டர் அவுட்டு, அவ்வளவு நாள் வேலையும் குப்பை. தாள் உக்கார்றதுக்குப் பலகை மூலைல 'ட' எழுத்து மாதிரி ஒரு வெட்டும், பக்கத்துல நேரா ஒரு வெட்டும் இருக்கும், மெஷின் கிஷின் கிடையாது, அந்த ரெண்டு வெட்டுதான் எல்லாமே.

இப்ப உங்க சண்டைக்கு வருவோம். 1926ல அவர் பாய்மரப் படகு ஒண்ணைப் போட்டார், சேத்தோ உள்கடல்ல நிக்கிற படகு, கீழே தண்ணில அதோட நிழல். ஒரே செட் பலகை. அதை வச்சே கலரை மட்டும் மாத்தி காலைல ஒண்ணு, முற்பகல் ஒண்ணு, பிற்பகல், பனிமூட்டம், சாயங்காலம், ராத்திரின்னு ஆறு படம் எடுத்தார். ஆறையும் வரிசையா வச்சுப் பாருங்க. காலைப் படத்துல வானத்து மஞ்சள் தண்ணி வரைக்கும் வந்து விழுது, பனில பின்னால நிக்கிற படகெல்லாம் பாதி கரைஞ்சு போச்சு, ராத்திரில நீலம் கனத்து மொத்தத்தையும் முழுங்கிடுது. பலகைல உளி பட்ட தடம் ஆறுக்கும் ஒண்ணுதான்! செதுக்கினவன் எவனோ அவனுக்குத்தான் படம் சொந்தம்னா இது ஆறும் ஒரே படமா இருந்திருக்கணும், ஆனா எந்தக் கண்ணுக்கும் அது ஆறு படம். அந்த வித்தியாசம் பூரா எங்க நடக்குதுன்னா, ஈரத் தூரிகையோட ஒரு ஓரத்துல மட்டும் சாயம் எடுத்துப் பலகைல இழுக்கும்போது கலர் ஒரு பக்கம் அடர்த்தியாவும் மறுபக்கம் ஒண்ணுமில்லாமலும் போகுதே, அந்த இடத்துல. அதுல எவ்வளவு, எங்க நிறுத்தணும்னு முடிவு பண்ணினது யோஷிதா. அதனால நான் அதை யோஷிதா படம்னு கூசாம சொல்லுவேன்.

இதே கேள்வியை முனகாத்தாகிட்ட வச்சா பதில் வேற, அவருக்கு உளிதான் எல்லாம். ஆக 'அவரே செதுக்கினாரா'ங்கிறது எல்லாருக்கும் பொதுவா வைக்கிற அளவுகோலா இருக்க முடியாது. இந்தப் படத்துல முடிவு எந்த இடத்துல எடுக்கப்பட்டுச்சு, அங்க யாரு இருந்தாங்க, இதைக் கேக்கலாம்.

அந்த முத்திரை விஷயம். ஜிசுரின்னு பேரு, தானே அச்சடிச்சதுன்னுதான் அர்த்தம், பெரும்பாலும் இடது பக்க ஓரத்துல இருக்கும். உண்மைல அச்சடிச்சது சம்பளத்துக்கு இருந்த ஆள், இவர் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டார், அவ்வளவுதான் அதோட பொருள். எனக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் படுது. கண்காணிச்சேன்னு போட்டிருந்தா ஒரு பேச்சு இல்லை. ஹொக்குசாய் புத்தகத்துல அந்த எகாவா பேராவது வந்துச்சு, இங்க படத்தோட ஓரத்துல யோஷிதா கையெழுத்து இருக்கு, பென்சில்ல தலைப்பு இருக்கு, அந்த 96 தடவை தாளை வச்சு எடுத்த ஆள் பேரு இல்லை. உங்க அண்ணனோட கோபத்துல நியாயம் இருக்கிற இடம் இதுதான், ஆனா அவர் அதை யோஷிதா கிட்ட இருந்து படத்தைப் பிடுங்குறதுக்குப் பயன்படுத்துறார், நான் அந்த இன்னொரு பேரையும் சேர்த்துப் போடுய்யான்னு கேப்பேன்.

வாங்குற எண்ணம் இருந்தா (கேக்கல நீங்க, இருந்தாலும் சொல்லிடறேன்) அவர் 1950ல இறந்து போனதுக்கப்புறமும் குடும்பத்தார் அதே பலகைகள்ல அச்சடிச்சிருக்காங்க, அதுல கையெழுத்து பென்சில்ல இருக்காது, முத்திரையா குத்தினது. ரெண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். மகன் தோஷியையும் கூட்டிக்கிட்டுத்தான் இந்தியா வந்தார், அந்தப் பயணத்துல பண்ணின படங்கள்ல ஃபத்தேபூர் சிக்ரி ஜன்னல்னு ஒண்ணு இருக்கு, கல் ஜாலி வழியா வர்ற வெயில், அது முன்னாடி ரெண்டு பேர் தரைல உக்காந்திருக்காங்க. மதுரையோட சேத்து அதையும் பாருங்க, வெளிச்சத்துல அந்த ஆள் என்ன பண்றார்னு புரியும்.

நீங்க செதுக்குறதுக்கு: செர்ரி மரம் தேடி அலைய வேண்டாம். தேக்கும் வேணாம், ரேகை முரடு, கை நோகும். மேல்பக்கம் வழவழன்னு, ஓட்டை உடைசல் இல்லாத பிளைவுட் ஒரு சாண் அளவுக்கு வெட்டி வாங்கிக்குங்க. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) செதுக்க சுகம், ஆனா தண்ணி பட்டா ஊதிடும், அதுல எண்ணெய் மை மட்டும்தான். வி மாதிரி முனை ஒண்ணு, யு மாதிரி முனை ஒண்ணு, ரெண்டு உளி போதும் ஆரம்பத்துக்கு, உளிக்கு முன்னாடி இடது கையை வைக்காதீங்க. படத்தை மெல்லிசுத் தாள்ல வரைஞ்சு குப்புற ஒட்டினா இடவலம் தானா திரும்பிடும், நேரா பலகைலயே வரையிறதா இருந்தா எழுத்தையெல்லாம் கண்ணாடில தெரியிற மாதிரி எழுதணும், மதுரைன்னு போடப்போறீங்கன்னா 'து' கொஞ்சம் தொல்லை குடுக்கும்.

ஜப்பான்ல தேய்க்கிறதுக்கு மூங்கில் மட்டைல முறுக்கின கயிறைச் சுருட்டி வச்சு, மேலயும் மூங்கில் மட்டையே கட்டின ஒரு வட்டத் தட்டு வச்சிருப்பாங்க, பாரென்னு பேரு. உங்களுக்கு எவர்சில்வர் கரண்டியோட முதுகு போதும். வாட்டர்கலரோட துளி அரிசிக் கஞ்சிப் பசை கலந்துக்குங்க, தாளை முந்தின நாள் ராத்திரியே லேசா நனைச்சு பாலிதீன்ல சுத்தி வைங்க. அச்சு எள்ளு தூவினாப்ல புள்ளி புள்ளியா வந்தா பசை பத்தலைன்னு அர்த்தம், கோடு ஓரத்துல பிதுங்கி வந்தா சாயம் ஜாஸ்தி. முதல்ல ஒரே கலர் பண்ணுங்க. ரெண்டாவது கலர் போடணும்னு தோணும்போது அந்த மூலை வெட்டு பத்தி மறுபடி எழுதுங்க, அதை எழுத்துல விளக்குறது சிரமம், சின்ன வீடியோ எடுத்து அனுப்பறேன். சென்னைப் பக்கம் வந்தா கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமில கிராபிக்ஸ் ஸ்டூடியோ இருக்கு, போயி கேளுங்க, அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க, அவருக்கு அங்க தெரிஞ்சவங்க இருக்கலாம்.