டிஃபரென்ஷல் ஒயில் கசிகிறதா? சீலை விட நட்டில்தான் கவனம் வேண்டும்

வாழைச்சேனையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் டொல்பின் வேன் மூன்றரை இலட்சம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. டிஃபரென்ஷலில் புரொபெல்லர் சாஃப்ட் வந்து சேரும் இடத்தில் ஒயில் கசிகிறது. வீட்டிலேயே சீல் மாற்றலாமா?"

மாற்றலாம். டிஃபரென்ஷல் என்பது பின் அக்சிலின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டி; சீல் அதன் ஒயிலைத் தடுத்து நிற்கும் வளையம். ஆனால் முதலில் அக்சிலின் மேலுள்ள பிறீதரை, அதாவது உள்காற்று வெளியேறும் மூடியை, கழற்றிப் பாருங்கள். ஓட ஓட உள்ளே சூடேறிக் காற்று விரியும். பிறீதரைச் சேறு அடைத்திருந்தால் அந்த அழுத்தம் ஒயிலைச் சீல் வழியாகத்தான் தள்ளும். புதுச் சீலும் நிற்காது. மாரி வெள்ளத்திலும் வயல் பாதையிலும் ஓடும் நம் பக்கத்து வாகனங்களில் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அப்புறம் பினியன் பிளாஞ்சை, அதாவது புரொபெல்லர் சாஃப்டை டிஃபரென்ஷலின் சிறு பற்சக்கரத்தோடு (பினியன்) இணைக்கும் தட்டை, பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் தேய்ந்துவிட்டது. அது கராச் வேலை.

வேலைக்கு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். முற்றம் மணல் என்றால் ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த பலகை போடுங்கள். ஹாண்ட் பிறேக் பின்சில்லுகளைத்தான் பிடிக்கும், அவற்றைத் தூக்கிய பிறகு அதை நம்பமுடியாது. முன்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள்.

இனி, பிளாஞ்சைப் பினியனோடு இறுக்கிப் பிடிக்கும் அந்த நட்டு. பல டிஃபரென்ஷல்களில் இரண்டு பினியன் பெயாரிங்குகளுக்கும் நடுவே நசுங்கும் குழாய் ஒன்று இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பெயாரிங்கின் இறுக்கம் அமைகிறது. ஒருமுறை அதிகமாக நசுங்கினால் நட்டைத் தளர்த்தினாலும் பழைய நிலைக்கு வராது, புதுக் குழாய்தான் போடவேண்டும். ஆகவே இறுக்குவதற்கு இம்பாக்ட் கன்னைத் தொடவே வேண்டாம். கழற்றுமுன் நட்டு, பினியன் சாஃப்ட், பிளாஞ்ச் மூன்றிலும் ஒரே கோட்டில் அடையாளம் போட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணிக்கொள்ளுங்கள். புரொபெல்லர் சாஃப்டும் பின்சில்லும் டிரம்மும் கழற்றிய நிலையில், பினியனைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று சிறிய டோர்க் ஸ்பனரால் அளந்து எழுதி வையுங்கள். பூட்டும்போது அதே அளவு, அல்லது அதைவிட ஒரு பொட்டு அதிகம். அவ்வளவுதான்.

சீல் உரசும் இடத்தில் பிளாஞ்சை நகத்தால் தடவிப் பாருங்கள். இவ்வளவு ஓடிய வண்டியில் பள்ளம் விழுந்திருக்கலாம். நகம் மாட்டினால் பிளாஞ்சை மாற்றுங்கள், அல்லது அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய உறை ஏற்றுங்கள். சீலின் உதட்டில் கிறீஸ் பூசி, கோணாமல், பழைய ஆழத்துக்கே அடித்து இறக்குங்கள்.

ஒயில் வடிக்குமுன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்தபின் அது இறுகிக் கிடந்தால் வண்டி அசையாது. கையேடு சொல்லும் ஜீஎல்-5 தரக் கியர் ஒயிலை, வண்டி மட்டமாக நிற்க, துளையின் விளிம்பு வரை விடுங்கள்.

சரி, ஏறாவூர் வரை நிதானமாக ஓட்டிப்போய் பினியன் பக்கம் கை வைத்துப் பாருங்கள். கை வைக்கமுடியாமல் சுட்டாலோ, ஊளைச் சத்தம் கேட்டாலோ நட்டு அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம்; அதற்குமேல் ஓட்டாதீர்கள்.