அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்

கேள்வி: கிளிநொச்சியைச் சேர்ந்தவன். அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு விமானம் ஓட்டப் பழகி, சோதனை விமானியாக ஆசைப்படுகிறேன். முறிகண்டியில் கச்சான் விற்கும் அம்மாவிடம் கணினி வகுப்பு என்று சொல்லிக் காசு வாங்கி, ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு முற்பணம் கட்டிவிட்டேன். 2009இல் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். விமானச் சத்தம் கேட்டால் இன்றும் நடுங்குவார். இந்தத் துறையில் நான் முன்னேற முடியுமா?

பதில்: தம்பி, அந்தக் கணினி வகுப்புக்கு வருவோம். ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். வெயிலில் நின்று, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குபவர்களுக்குக் கச்சான் விற்றுச் சேர்த்த காசு. அதைப் பொய் சொல்லி வாங்கியதற்குக் களவு என்றுதான் பெயர்.

நீங்கள் ஆசைப்படும் வேலை எது என்று தெரியுமா? எந்த உயரம், எந்த வேகம், எப்படித் திருப்புவது என்று முன்பே எழுதித் தந்தபடி பறக்க வேண்டும். இறங்கியதும் நடந்ததை நடந்தபடியே அறிக்கையாக எழுத வேண்டும். சிறகில் உணர்ந்த சின்ன அதிர்வைக்கூட மறைக்கக் கூடாது. மறைத்தால் அடுத்துப் பறப்பவன் சாவான். அம்மாவிடமே உண்மை பேசாதவரின் அறிக்கையை யார் நம்புவார்?

1947 ஒக்டோபரில் அமெரிக்கச் சோதனை விமானி சக் யீகர் முறிந்த விலா எலும்புகளுடன் ஒலியின் வேகத்தைத் தாண்டியதை இளைஞர்கள் வியந்து பேசுவார்கள். மேலதிகாரிகளிடம் காயத்தை மறைத்தவர்தான். ஆனால் அது அவர் மனைவிக்குத் தெரியும். கூட வேலை செய்த ஜாக் ரிட்லிக்கும் தெரியும். அந்தக் காயத்தோடு விமானத்தின் கதவை இழுத்துப் பூட்ட ஒரு துடைப்பக் கட்டையை வெட்டிக் கொடுத்தவரே ரிட்லிதான். ஒருவருக்கும் சொல்லாமல் கிளம்பியது நீங்கள்தான்.

அம்மா பயப்படுவார் என்பது சாட்டு. குண்டுகளுக்கு நடுவே உங்களைச் சுமந்தவர் ஒரு செய்தியைத் தாங்கமாட்டாரா? அவருடைய பிள்ளை எங்கே போகிறான் என்பதை அறிய அவருக்கு உரிமை இருக்கிறது. பெற்றவளை இருட்டில் வைத்துவிட்டு ஏறும் உயரம் எதுவும் எனக்கு உயரமாகத் தெரியவில்லை.

பொறியியல் இடத்தை விடாதீர்கள். நீல் ஆம்ஸ்ட்ரோங் 1955இல் விமானப் பொறியியல் பட்டம் பெற்ற பிறகே ஆராய்ச்சி விமானியானார். பொறியியல் படிப்பு உங்களுக்கு வாசலிலேயே கிடைத்திருக்கிறது.

முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் உழைத்து அம்மாவின் கையில் கொடுங்கள். பிறகு அவர் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். 1967இல் எக்ஸ்-15 என்ற ஆராய்ச்சி விமானம் வானிலேயே உடைந்து, அதை ஓட்டிய மைக்கேல் ஆடம்ஸ் இறந்ததையும் விடாமல் சொல்லுங்கள்.