கேளுங்க டீச்சர்: ஒத்திகை அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் பள்ளியிலிருந்து பத்துப் பிள்ளைகள் மதுரையில் நடக்கும் மாதிரி ஐ.நா. அவைக்குப் போகிறார்கள். மாணவர்களே ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து விவாதிக்கும் போட்டி அது. எய்ட்ஸ் விழிப்புணர்வுதான் தலைப்பு. தென்னாப்பிரிக்கா, பிரேசில், தாய்லாந்து, ரஷ்யா, இந்தியா என ஐந்து நாடுகள் கிடைத்திருக்கின்றன. நாட்டுக்கு இரண்டு பேர். பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், இப்படி எதிலும் கலந்துகொண்டதில்லை. ஒரு மாதம்தான் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?
– பட்டதாரி ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: முதல் வாரம் எந்த நாட்டின் பெயரையும் எடுக்காதீர்கள் டீச்சர். பெயர்ப்பலகை, கோட்டு, ஆங்கிலப் பேச்சு எல்லாம் பிறகு. முதலில் நோயைப் பற்றிப் பேசுங்கள்.

ஒரு அட்டைப் பெட்டியை வகுப்பில் வையுங்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பெயர் எழுத வேண்டாம், மனதில் இருப்பதைக் கேட்கலாம் என்று சொல்லுங்கள். கேட்க எதுவும் இல்லாதவர் வெற்றுச் சீட்டையாவது போடட்டும். அப்போதுதான் யார் எழுதினார் என்று தெரியாது. கொசு கடித்தால் வருமா, சலூன் கத்தியில் வருமா, படகில் ஒரே சட்டியில் சோறு தின்றால் வருமா என்றெல்லாம் வரும். கொசுவாலும் வராது, ஒரே சட்டியில் உண்பதாலும் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, எச்.ஐ.வி. கலந்த ரத்தம், பகிர்ந்துகொண்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு: வழி இந்த நான்குதான். சலூன்காரர் ஆளுக்கொரு புது பிளேடு போடுவது நல்ல பழக்கம், ஆனால் இந்தக் கிருமி பரவும் வழி அது இல்லை.

இதையெல்லாம் சொல்லும்போது உங்கள் குரல் தாழக்கூடாது. உடலுறவு, ஆணுறை என்ற இடத்தில் டீச்சர் ஜன்னலைப் பார்த்தால், பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அந்தக் கூச்சத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலிருந்து ஆலோசகரை வரவழைத்துப் பேசச் சொல்லிக் கேளுங்கள். எச்.ஐ.வி. என்பது கிருமி, எய்ட்ஸ் என்பது சிகிச்சை இல்லாமல் உடலின் எதிர்ப்புச் சக்தி நொறுங்கிப்போன நிலை என்ற வித்தியாசத்தை அவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இந்த ஒரு செய்தி நம் ஊரில் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் பத்துப் பிள்ளைகள் மூலம் பத்து வீட்டுக்காவது போகட்டும்.

இரண்டாவது வாரம் வரலாறு. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்ததிலிருந்து தொடங்குங்கள். ரத்த மாதிரிகள் சோதனைக்குப் போனது வேலூர் சி.எம்.சி.க்கு. உலகக் கதைக்குள் நம் ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன என்று தெரிந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கிருந்து நியூயார்க்குக்குப் போங்கள். 2000 ஜனவரி 10ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவை எய்ட்ஸைப் பற்றி விவாதித்தது. போர், எல்லை என்றே பேசிவந்த அந்த அவை ஒரு நோய்க்காகக் கூடியது அதுவே முதல் தடவை. அந்த ஜூலையில் எய்ட்ஸ் பற்றிய அதன் 1308ஆம் தீர்மானம் வந்தது. 2001 ஜூனில் எய்ட்ஸுக்காகவே ஐ.நா. பொது அவையின் சிறப்புக் கூட்டம்.

பிள்ளைகள் ஆழமாகப் படிக்க வேண்டியது 2001ஆம் ஆண்டைத்தான். 'விழிப்புணர்வு' என்றதும் போஸ்டர், ஊர்வலம் என்று எழுத ஆரம்பிப்பார்கள். மருந்தே வாங்க முடியாதவனிடம் விழிப்புணர்வு பேசி என்ன பயன் என்பதுதான் அன்று அரங்கைக் கொதிக்க வைத்த கேள்வி. ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கான மருந்து 10,000 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. மலிவான மருந்துக்கு வழிசெய்த தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த 39 மருந்து நிறுவனங்கள், உலகமே கண்டித்த பிறகு, ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றன. நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் நாடுகள், காப்புரிமை விதிகள் மக்களின் உடல்நலத்தைக் காப்பதற்குத் தடையாக இருக்கக்கூடாது என்று ஒப்புக்கொண்டன. பேசிப் பேசியே மாத்திரையின் விலையை இறக்கிய வருஷம் அது.

போட்டி நடத்துகிறவர்களிடம் இன்றே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: அவை எந்த ஆண்டில் கூடுவதாகக் கற்பனை? தென்னாப்பிரிக்காவாகப் பேசும் பிள்ளைக்கு அதில்தான் எல்லாம் இருக்கிறது. 2000இல் என்றால், எய்ட்ஸுக்குக் காரணம் இந்தக் கிருமிதானா என்று சந்தேகம் கிளப்பிய அதிபர் தபோ ம்பெக்கியின் அரசுக்காக நிற்க வேண்டும். 2002 ஜூலையில் என்றால், குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடு என்று சொந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே உத்தரவிட்டுவிட்டது. இன்று என்றால், உலகிலேயே மிக அதிகம் பேருக்கு எச்.ஐ.வி. சிகிச்சை தரும் நாடு அது. ஒரே நாட்டுக்கு மூன்று முகம்.

மற்றவற்றுக்கு ஆளுக்கொரு பிடி போதும். ரஷ்யாவை அடுத்த கடிதத்தில் பார்ப்போம். பிரேசில், 1996இலேயே சட்டம் போட்டு இலவச மருந்து கொடுத்த நாடு. 2007இல் எஃபாவிரன்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துக்குக் கட்டாய உரிமம் பிறப்பித்து, அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே அரசு அனுமதி கொடுத்து, இந்தியாவிலிருந்து வாங்கியது. தாய்லாந்து, 1990களில் பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் ஆணுறையைக் கட்டாயமாக்கியது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்ததாக 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இந்தியா 2004 ஏப்ரல் 1 முதல் இலவசக் கூட்டு மருந்து.

மூன்றாவது வாரம் ஒத்திகை. எடுத்த எடுப்பில் எய்ட்ஸை வைத்து ஒத்திகை பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த சண்டையிலிருந்து தொடங்குங்கள். விசைப்படகுக்கு எந்த நாள், நாட்டுப்படகுக்கு எந்த நாள், வலை எவ்வளவு தூரத்தில் என்று ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். விசைப்படகுக்காரர் வீட்டுப் பையன் நாட்டுப்படகுக்காகப் பேசட்டும், நாட்டுப்படகு வீட்டுப் பெண் எதிர்த்தரப்புக்காகப் பேசட்டும். இலங்கையில் பிடிபட்ட அப்பாவுக்கும் படகுக்கும் இரண்டு அரசாங்கங்கள் பேசுவதைச் செய்தியில் பார்த்துக் காத்திருந்த பிள்ளைகள் இவர்கள். பேச்சுவார்த்தை என்றால் என்ன, அது இழுத்துக்கொண்டே போனால் வீட்டில் என்ன ஆகும் என்று மதுரைப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். பெயர்ப்பலகையைத் தூக்கி வாய்ப்புக் கேட்பது, அவைத் தலைவர் வழியாகவே பேசுவது, இடைவேளையில் எழுந்துபோய் ஆதரவு சேர்ப்பது, திருத்தம் கொண்டுவருவது எல்லாம் இதிலேயே பழகிவிடும்.

பிறகு எய்ட்ஸ் தீர்மானத்துக்கு வாருங்கள். 'விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்' என்று ஒரு வரி வந்தால் அடித்துவிடுங்கள். யார் செய்வது, யாருக்கு, எங்கே, எந்தக் காசில், எப்போதைக்குள்? இவ்வளவும் இருந்தால்தான் அது தீர்மானத்தில் நிற்கும். உங்கள் பிள்ளைகளால் மட்டுமே எழுதக்கூடிய வரி ஒன்று உண்டு. கேரளா, மங்களூர் என்று போய்த் தங்கித் தொழில் பார்க்கும் ஆள் எந்த ஊர் மருத்துவமனையில் போய்ப் பரிசோதனை செய்துகொள்வார்? பகல் வேளைப் பரிசோதனை மையம் அவருக்கு எட்டாது. படகு கரை சேரும் நேரத்தில் துறைமுகத்திலேயே, யாரென்று வெளியே தெரியாமல் பரிசோதனை. நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருப்பதுபோல, ஆட்கள் வீட்டில் இருக்கும் மாதங்களில் கிராமத்திலேயே முகாம். இதை 'கடல்தொழில் செய்யும் இடம்பெயர் தொழிலாளர்' என்று பொதுவாக எழுதினால் தாய்லாந்தும் பிரேசிலும் கையெழுத்துப் போடும்.

கேள்வி: எனக்கு ரஷ்யா வந்திருக்கிறது. அதன் நிலைப்பாட்டைப் படித்தால் எனக்கே பிடிக்கவில்லை. பிடிக்காததை நான் ஏன் பேச வேண்டும்?
– பிளஸ் 1 மாணவன், தொண்டி

பதில்: தம்பி, பிடிக்காததைச் சரியாகப் பேசத் தெரிந்தால்தான் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏன் மசியவில்லை என்று உனக்குப் புரியும். 2021 ஜூனில் ஐ.நா. பொது அவையில் எச்.ஐ.வி. அரசியல் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 165, எதிர்ப்பு 4. அந்த நான்கு: ரஷ்யா, பெலாரஸ், சிரியா, நிகரகுவா. போதை ஊசிக்கு அடிமையானவர்கள் ஊசியைப் பகிராமல் இருக்க, மாற்றாக மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுப்பதைப் பல நாடுகள் செய்கின்றன. ரஷ்யாவில் அதற்குத் தடை. இதை நீ மறைக்கவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். உன் அரசு என்ன சொல்கிறதோ அதை அதன் காரணத்தோடு சொல்.

சொல்லிவிட்டு, ரஷ்யா எங்கே இறங்கிவரும் என்று தேடு. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைத் தடுப்பதை எந்த அரசு எதிர்க்கும்? சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். மருந்து கொடுத்தால் 5க்கும் கீழே. அங்கிருந்து இந்தியாவோடு கைகோத்துக்கொள். 2001 சிறப்புக் கூட்டத்தின் பிரகடனத்தில் பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், ஊசிவழிப் போதை எடுப்பவர்கள் என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லச் சில நாடுகள் விடவில்லை. 2011 பிரகடனத்தில் அந்தப் பெயர்கள் வந்துவிட்டன. நடுவே பத்து வருஷம், விடாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்.

கேள்வி: பிள்ளைகள் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் திணறுவார்களே?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், மண்டபம்

பதில்: பேச்சைத் தமிழில் யோசித்து, தமிழில் எழுதி, தமிழில் ஒருமுறை பேசட்டும். சொல்ல வந்தது தெளிந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு நூறு ஆங்கிலச் சொல் தாராளம். குட்டிக் குட்டி வாக்கியமாக இருக்கட்டும்.

கேள்வி: என் மகள் இந்தத் தலைப்பில் பேசப் போகிறாள். 'கல்யாணத்துக்கு நிற்கிற வயசுப் பிள்ளை மேடையில் இதையா பேசுவது' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவள் வாப்பா சவுதியில் இருக்கிறார். முடிவெடுக்க வேண்டியது நான்.
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: உங்கள் சங்கடம் புரிகிறது அம்மா. நாளைக்கு அவள் கர்ப்பமாகும்போது அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்தே செய்வார்கள், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுதான். அது எதற்கு என்று தெரிந்துபோகிற பெண்ணாக அவள் இருப்பது நல்லதா, தெரியாமல் மிரண்டு நிற்பது நல்லதா? அவளை அனுப்புங்கள். முடிந்தால் ஒருநாள் ஒத்திகைக்கு நீங்களே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல அப்புறம் உங்களுக்கே வார்த்தை கிடைக்கும். அவள் வாப்பாவிடமும் போனில் பேசச் சொல்லுங்கள், மகள் சொல்லிக் கேட்கட்டும்.

கேள்வி: நானும் இப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். என் அம்மா மாதாமாதம் ஏ.ஆர்.டி. சென்டரில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து மாத்திரை வாங்குகிறார். அப்பா இல்லை. பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஒத்திகையில் பசங்க கேலி செய்து சிரிக்கும்போது என்னால் உட்கார முடியவில்லை. விலகிவிடட்டுமா? சொல்லிவிடட்டுமா?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: கண்ணு, நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மாவின் உடல்நிலை அவருடையது. நீதிமன்றம் உத்தரவிட்டாலொழிய, சம்மதமில்லாமல் அதைச் சொல்லும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பாதிக்கப்பட்டவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவருக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அதாவது உனக்கும். பள்ளி உன்னை ஒதுக்கினால் அது குற்றச்சாட்டாக எழுப்பக்கூடிய விஷயம்.

விலகுவதா இருப்பதா என்பதை நீயே முடிவு செய். விலகினால் காரணம் சொல்லாதே, பரீட்சைக்குப் படிக்கணும் என்று சொன்னால் போதும். இருப்பதென்றால், பிரேசிலுக்காகவோ இந்தியாவுக்காகவோ மருந்து விலையைப் பற்றி உன்னைவிட உறுதியாகப் பேச அந்த அறையில் ஆள் இருக்காது. 2000 ஜூலையில் டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் இங்கோசி ஜான்சன் என்ற 11 வயதுப் பையன், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் முன் பேசினான். அவன் பேசினான் என்பதற்காக நீயும் பேசியாக வேண்டும் என்று இல்லை. மனம் பாரமாக இருந்தால் 1097க்கு போன் செய், கட்டணம் கிடையாது. பெயர் சொல்லாமலே பேசலாம்.

இந்தக் கடிதத்தை நான் இங்கே போட்டது ஆசிரியர்களுக்காக. உங்கள் ஒத்திகை அறையிலும் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு வகுப்பையும் நடத்துங்கள். யாரையும் எச்.ஐ.வி. உள்ளவராக நடிக்கச் சொல்லாதீர்கள், கழுத்தில் அட்டை மாட்டாதீர்கள். 'பாவம் அவர்கள்' என்று ஆரம்பிக்கும் பேச்சைத் திருப்பிக் கொடுத்து, உரிமை, மருந்து, வேலை, பள்ளிக்கூடம் என்று எழுதிவரச் சொல்லுங்கள். யாராவது சிரித்தால் ஒத்திகையை அங்கேயே நிறுத்துங்கள். யாரையும் எழுப்பித் திட்டாமல், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.